காஸ்டிக்கில் கழுவாத சில்லுகள்

பிப்ரவரி 9, திங்கள். இன்று ஒரு சின்னத் தவறு. தொட்டிக் கொழகொழப்பில் ஊறிய பிளாஸ்டிக் சில்லுகளைச் சுடுகாஸ்டிக்கில், அதாவது சூடான காஸ்டிக் சோடாத் தண்ணீரில், போட்டு, சாப்பிட்டு வந்து எடுத்து, அலசி, காயவைத்து எடை போட்டேன். கொழகொழப்பு சேர்க்காத கன்ட்ரோல் குடுவைச் சில்லுகளில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. அவற்றை வெறும் தண்ணீரில் அலசியதோடு சரி. இரண்டையும் ஒரே மாதிரி கழுவியிருக்க வேண்டும். அழுக்கில்லாததை ஏன் கழுவ வேண்டும் என்று இருந்துவிட்டேன். பெரிதாக ஒன்றும் ஆகாது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இதை எழுதிய பெண்ணை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் 'டைரி' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சில சமயம் அவளே திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய தண்ணீர் பாட்டில்களை அரைத்து, கழுவி, சில்லுகளாக்கி மூட்டை கட்டி அனுப்புகிற தொழிற்சாலை அது. அவளுக்கு அங்கே சோதனை அறையில் வேலை. மூட்டைக்கு ஒரு கைப்பிடி சில்லு எடுத்து எடை போடுவாள், அடுப்பில் காயவைத்து மறுபடி எடை போடுவாள், எவ்வளவு ஈரம் என்று சீட்டில் எழுதி ஒட்டுவாள். வேலை முடிந்ததும் பஸ் பிடித்து மாலை வகுப்புக்குப் போவாள். நுண்ணுயிர்களைப் பற்றிய சான்றிதழ் படிப்பு.

சந்தேகம் அவளுக்குக் கூடப் பிறந்த வியாதி. வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பாள். அண்ணி இதற்கென்றே அவளை எப்போதும் கொஞ்சம் முன்னதாகக் கிளப்பிவிடுவாள்.

வகுப்பில் ஒரு செய்முறை கொடுத்திருந்தார்கள். தெரிந்த இடத்திலிருந்து நுண்ணுயிர்களை எடுத்து வந்து ஏதாவது ஒன்றைச் சோதிக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்த இடம் தொழிற்சாலையின் பின்புறத்துப் பெரிய தொட்டிதான். கழுவின தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து விழும். பாட்டில்களை அரைக்கும்போது மாவு மாதிரி தூள் உதிரும். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம், தெரியாதது அதைவிட அதிகம். தண்ணீர் எப்போதும் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கும். தொட்டிச் சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு கொழகொழப்பு படர்ந்திருந்தது. வருஷக்கணக்காகப் பிளாஸ்டிக் தூளோடு குடித்தனம் நடத்துகிற கிருமிகள். அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள். எடை போட்ட சில்லுகளை ஒரு குடுவையில் அந்தக் கொழகொழப்போடும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குடுவையில் அது இல்லாமலும் ஊறவைத்தாள்.

வகுப்பு எடுக்கிற மேடம் பகலில் ஒரு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். மாலையில் வரும்போதே பாதி தூக்கத்தில் இருப்பார்.

"பிளாஸ்டிக்ங்கிறது நீள நீளமான மணிமாலை மாதிரி. பாக்டீரியாவுக்கு வாயும் கிடையாது, பல்லும் கிடையாது. வெளிய ஒரு சாறை விடும். அந்தச் சாறு மாலையை நறுக்கும். உதிர்ற மணியை உள்ள இழுத்துக்கும். சில வகைக்கு அது முடியுது. ஆனா பாட்டில் பிளாஸ்டிக் இறுக்கமா பின்னினது. அங்க கத்திரி நுழையறதே கஷ்டம். ரொம்ப மெதுவாத்தான் நடக்கும், நடந்தா."

'நடந்தா' என்பதையும் டைரி எழுதிக்கொண்டாள்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை தராசு வேறு சொன்னது. கொழகொழப்பில் ஊறிய சில்லுகளின் எடை நன்றாகவே குறைந்திருந்தது. கன்ட்ரோல் சில்லுகள் போட்டது போட்டபடி இருந்தன. மூன்று முறை போட்டுப் பார்த்தாள், தராசைத் துடைத்துவிட்டு இன்னொரு முறையும் பார்த்தாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு விஷயத்தை நிச்சயமாக நம்பினாள்.

வீட்டில் சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது. "அண்ணா, சாப்பிடுதுண்ணா. நம்ம தொட்டிக் கிருமி பிளாஸ்டிக்கைச் சாப்பிடுது."

அண்ணன் கழுவும் லைனுக்கு மேற்பார்வை. அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளையே பார்த்தான். "நிச்சயமா?"

"நிச்சயமா."

"ஏங்க, இவளே நிச்சயம்னு சொல்லிட்டா," என்றாள் அண்ணி. "அப்ப கோர்ட்டே சொன்ன மாதிரி."

எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் ஆரம்பித்தது. ஏனென்றால் அண்ணன் அந்த நாட்களில் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். தொட்டித் தண்ணீரை வடிகட்டி வாய்க்காலில் விடுகிற இயந்திரத்தின் துணிகளெல்லாம் கிழிந்துபோய்விட்டன. புதிது வர மாதக்கணக்காகும். வடிகட்டாமல் விடக்கூடாது, ஏனென்றால் வாய்க்கால் போய்ச் சேர்வது ஊருக்கே குடிதண்ணீர் தருகிற ஏரியில். தொட்டி நிரம்பிக்கொண்டே வந்தது. நிரம்பினால் லைனை நிறுத்திவிடுவேன், நிறுத்தினால் மறுபடி ஓட்டுவதாக இல்லை என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். லைன் நின்றால் அண்ணனுக்கும் வேலை இல்லை, பாட்டில் பிரிக்கும் பெல்ட்டில் நிற்கிற அண்ணிக்கும் இல்லை, அங்கே நிற்கிற மற்றவர்களுக்கும் இல்லை.

மறுநாளே அண்ணன் முதலாளியிடம் போய்ப் பேசினான். காலில் விழாத குறை. கொழகொழப்பை டிரம்களில் வளர்த்துத் தொட்டியில் ஊற்றுவோம், அது தூளைத் தின்றுவிடும், அப்புறம் வடிகட்டியே வேண்டாம் என்றான். முதலாளி சிரித்தாராம். "சம்பளம் கேக்காத ஆளுங்க, லீவு கேக்காத ஆளுங்க. ஊத்திப் பாரு."

ஊற்றினார்கள். டைரிதான் டிரம்களுக்கு உப்பும் சத்தும் அளந்து போட்டாள். பெல்ட்காரர்கள் போகிற போக்கில் கேட்பார்கள்: "என்ன டைரி, உன் பூச்சிங்க சாப்பிட்டாச்சா? ஏப்பம் விட்டுதா?" அண்ணி மட்டும், "எங்க சொந்தக்காரங்க மாதிரியே, வந்ததுலேருந்து உக்காந்து தின்னுட்டே இருக்கு," என்பாள். ஆனால் அவள்தான் தினமும் முதலில் போய்த் தொட்டியை எட்டிப் பார்ப்பாள்.

தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. முதலில் பால் நிறம் போய் மோர்த்தண்ணீர் நிறம், பிறகு அதுவும் போயிற்று. ஒரு நாள் அண்ணன் ஒரு குடுவையில் மொண்டு சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். அந்தப் பக்கம் நின்ற அண்ணியின் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. முதலாளியும் வந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை அடி வால்வைத் திறந்து, தண்ணீரை வாய்க்காலில் விட்டுத் தொட்டியைக் காலி செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தத் தண்ணீரில் ஒரு குடுவையை டைரி புதன்கிழமை மாலை வகுப்புக்குக் கொண்டு போனாள். ஒரு பாராட்டு கிடைக்கும் என்று எதிர்பார்த்தாள். அதைத் தனக்கே ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருந்தது.

மேடம் குடுவையை விளக்குக்கு நேரே பிடித்தார். "தெளிவாத்தான் இருக்கு." பிறகு ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்து கொடுத்தார். "பாரு."

கிருமிகள் நெளிந்தன. அவற்றின் நடுவே, உடைந்த கண்ணாடி மாதிரி, கூரான ஓரங்களோடு சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சிம்புகள். நிறைய இல்லை. ஆனால் இருந்தன.

"இது மிச்சம் மீதி மேடம். மத்ததெல்லாம் சாப்பிட்டிருச்சு. எடை குறைஞ்சத நான் காட்டினேன்ல?"

"காட்டினே." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடை போடறதுக்கு முன்னாடி கொழகொழப்பை எப்படி எடுத்தே?"

"சுடுகாஸ்டிக்ல கழுவினேன் மேடம். எங்க லைன்ல அதுதான் வழக்கம். பாட்டில்ல ஒட்டியிருக்கிற லேபிள் பசை, எண்ணெய் எல்லாம் அதுலதான் போகும்."

"கன்ட்ரோலையும் அப்படித்தான் கழுவினியா?"

அந்தக் கேள்வி முடிவதற்குள் டைரிக்குப் பதில் தெரிந்துவிட்டது. "இல்ல மேடம். அதுல அழுக்கு இல்ல."

மேடம் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "காஸ்டிக் அந்த பிளாஸ்டிக்கை அரிக்கும்மா. சூடா இருந்தா இன்னும் நல்லா அரிக்கும். எவ்வளவு நேரம் போட்டிருந்தே?"

"சாப்பிடப் போயிட்டு வந்தேன்."

லைனில் சில்லுகள் காஸ்டிக்கைத் தாண்டி ஓடுவது கொஞ்ச நேரம்தான். அவள் கொழகொழப்பு முழுக்கப் போகட்டும் என்று ஊறவைத்துவிட்டுப் போயிருந்தாள். சுத்தமாக இருக்க வேண்டும் என்ற அக்கறை.

"வேற ஏதாவது வழி இருக்கா மேடம்? சாப்பிடுதுன்னு காட்டறதுக்கு?"

"கன்ட்ரோல் சில்லு இன்னும் வெச்சிருக்கேல்ல? அதையும் அதே மாதிரி கழுவி எடை போடு. காஸ்டிக்தான் குறைச்சுதுன்னா அதுவும் குறையும். குறையலைன்னா உன் கிருமி கெட்டிக்காரக் கிருமி. நானே கை குடுக்கறேன்." மேடம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "அதுக்குள்ள யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லிடலையே?"

டைரி குடுவையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். மூடி சரியாக இருக்கிறதா என்று திருகிப் பார்த்தாள். பஸ்ஸில் போகும்போது மறுபடியும் திருகிப் பார்த்தாள்.

வீட்டில் அண்ணன் உற்சாகமாக இருந்தான். வெள்ளிக்கிழமை தொட்டி காலியானதும் ஒரு ஷிஃப்ட் கூடுதலாக ஓடுமாம். "என் தங்கச்சி படிச்ச படிப்பு," என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறந்தாள். "அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம்…"

"உனக்குச் சந்தேகம் இல்லாத நாள் எது? போய்க் கை கழுவிட்டு வா குட்டி."

அண்ணியும் சிரித்தாள். டைரி கை கழுவப் போனாள். குழாயை மூடிய பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நாளைக்குச் சோதித்துப் பார்த்துவிட்டே சொல்லலாம். ஒருவேளை குறையாமலே இருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்று அவள் எந்தக் கடவுளிடமும் வேண்டிக்கொள்ளவில்லை, கிருமிகளிடமே வேண்டிக்கொண்டாள். கொஞ்சம் சாப்பிட்டிருங்க. ஒரு வாய் சாப்பிட்டிருந்தாலும் போதும்.

வியாழக்கிழமை, சோதனை அறை. அதே காஸ்டிக், அதே கண்ணாடிக் குவளை, அதே சூடான தட்டு. ஒரு குவளையில் பத்திரமாக வைத்திருந்த கன்ட்ரோல் சில்லுகள். இன்னொன்றில் மூட்டையிலிருந்து அப்போதே எடுத்த சில்லுகள், கொழகொழப்பின் நிழல்கூடப் படாதவை. சாப்பாட்டு மணி அடித்ததும் வழக்கம்போல் போய்ப் பெல்ட்காரர்களோடு உட்கார்ந்தாள். அன்றைக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாளோ அவ்வளவு நேரம் இன்றும் உட்கார வேண்டும் என்று உட்கார்ந்தாளே தவிர, டப்பாவைத் திறக்கவில்லை.

"என்ன டைரி, பூச்சிங்களுக்கு ஊட்டிவிட்டே உனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டி வைத்தாள்.

திரும்பி வந்தாள். சில்லுகளை அலசினாள், காயவைத்தாள், ஆறவைத்தாள், எடை போட்டாள்.

கன்ட்ரோல் குறைந்திருந்தது. புதுச் சில்லும் குறைந்திருந்தது. அன்றைக்குக் கொழகொழப்பில் ஊறியது எவ்வளவு குறைந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவு. தராசைத் துடைத்தாள். மறுபடி போட்டாள். தராசின் மீது இத்தனை கோபம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. அது எத்தனை தடவை கேட்டாலும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அப்படியானால் தண்ணீர் ஏன் தெளிந்தது?

கிருமி தின்னவில்லை. ஆனால் தூள் காணாமல் போயிருக்கிறது. எங்கே போயிற்று? வேலை முடிகிற மணி அடிக்கட்டும் என்று காத்திருந்தாள். இரண்டு மூட்டைகளுக்குச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டு, பிறகு ஓடிப்போய்ப் பிய்த்து ஒட்டினாள்.

தொட்டிக் கரையில் ஆள் இல்லை. குப்பையைத் தள்ளுகிற நீளக் கம்பு சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. சாயும் வெயிலில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கம்பை உள்ளே இறக்கினாள். கொஞ்ச தூரம் தடையில்லாமல் போயிற்று. பிறகு மெத்தென்று ஏதோ ஒன்றில் புதைந்தது. தரை தட்டவில்லை. இன்னும் அழுத்தினாள். முழங்கை வரை தண்ணீருக்குள் போன பிறகுதான் சிமெண்டு தட்டியது. கம்பை அசைத்தாள்.

அடியிலிருந்து வெள்ளையாக ஒரு மேகம் எழுந்து வந்தது. கம்பைச் சுற்றிச் சுருண்டு, விரிந்து, மேலே வரை வந்து, அவள் கையை மறைத்தது.

தின்னவில்லை, ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தூளின் மேலும் கொழகொழப்பு ஏறி, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, மூழ்கியிருக்கிறது. அவ்வளவும் அடியில்தான் கிடக்கிறது. தொட்டியின் அடியில், அடி வால்வின் வாயருகே. நாளைக் காலை அதைத் திறந்தால் முதலில் போவது தண்ணீர் அல்ல.

"குட்டி, அங்க என்ன பண்றே?"

அண்ணன் வந்துகொண்டிருந்தான். பின்னாலேயே கையுறையைக் கழற்றியபடி அண்ணி. டைரி கம்பை விடவில்லை. அவளுக்கு முன்னுரை போட நேரம் இல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

"சாப்பிடலண்ணா. நான் தப்பா எடை போட்டுட்டேன். காஸ்டிக்தான் குறைச்சிருக்கு. எல்லாம் கீழ கிடக்கு. பாரு."

மறுபடி அசைத்தாள். மேகம் எழுந்தது. அண்ணன் பார்த்தான். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இது சேறு. தொட்டின்னா சேறு இருக்கத்தான் செய்யும்."

"சேறு வெள்ளையாவா இருக்கும்?"

"நீ எப்பவுமே இப்படித்தான்! பூட்டின பூட்டை நாலு தடவை இழுத்துப் பாப்ப. அன்னைக்கு நிச்சயம்னு சொன்னது யாரு? நானா? நிச்சயம்னு நீ சொன்னதாலதானே நான் அந்த ஆளுகிட்ட போய்…" அக்கம் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஒரே ஒரு தடவை. நாளைக்குத் திறந்துடலாம். தொட்டி காலியாகட்டும், லைன் ஓடட்டும். அப்புறம் வடிகட்டித் துணி வந்துடும். யாருக்கும் தெரியாது."

"ஏரிக்குத் தெரியும்ங்க," என்றாள் அண்ணி.

"நீ சும்மா இரு."

"எவ்வளவு நாளா சேர்ந்த தூள். ஒரே நாள்ல போகும். நம்ம வீட்டுக் குழாயில வர்றதும் அந்தத் தண்ணிதானே?" அண்ணி கையுறையைப் பிழிந்தாள். அதிலிருந்து சொட்டியதும் வெள்ளையாகத்தான் இருந்தது. "எனக்கு வேலை போறது பயமாத்தான் இருக்கு. இல்லைன்னு சொல்லல."

அண்ணன் கரையில் உட்கார்ந்துவிட்டான். அப்படி அவன் உட்கார்ந்து டைரி பார்த்ததில்லை. கால் இரண்டையும் நீட்டி, முதுகைச் சுவரில் சாய்க்கக்கூட மறந்து.

"அப்ப ஒண்ணுமே செய்யலையா அதுங்க? இத்தனை டிரம் ஊத்தினோமே?"

"ஒட்டி மூழ்கடிச்சிருக்குண்ணா. தின்னுதான்னு எனக்குத் தெரியல. ஒருவேளை கொஞ்சம் தின்னுதோ என்னவோ. அது வருஷக்கணக்குல நடக்கிற வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள நடக்கிற வேலை இல்ல."

"மேல இருக்கிற தண்ணிய மட்டும் இறைச்சா?"

ஆமாம் என்று சொல்ல டைரிக்கு ஆசையாகத்தான் இருந்தது. சொன்னால் அவன் முகம் மாறும். "அதுலயும் சிம்பு இருக்கு. நேத்து வகுப்புல பாத்தேன். கொஞ்சம்தான். ஆனா இருக்கு. அடியில கிடக்கிறத ஆளு இறங்கி வாரி எடுக்கணும். அப்படி எடுத்தா தொட்டியில கொஞ்சம் இடம் கிடைக்கும். எவ்வளவுன்னு தெரியாது. லைன் அதுவரைக்கும் நிக்கும்."

"நின்னா அவரு மறுபடி ஓட்ட மாட்டாரு."

"தெரியும்."

கலங்கிய இடம் மெல்ல மெல்லத் தெளிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பார்ப்பவர் யாரும் நம்பிவிடுகிற தண்ணீராக ஆகிவிடும். டைரிக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. கம்பை இன்னொரு தடவை அசைத்துவிட்டாள்.

அண்ணன் எழுந்தான். வால்வின் பக்கம் போனான். அவன் என்ன செய்யப் போகிறான் என்று தெரியாமல் அண்ணி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் இடுப்பிலிருந்த ஸ்பானரால் நட்டைத் தளர்த்தி, வால்வைத் திருகுகிற இரும்புச் சக்கரத்தைக் கழற்றி எடுத்தான். கனமான சக்கரம். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினான்.

"காலையில நான் வர்றதுக்குள்ள அவரே யாரையாவது திறக்கச் சொல்லிடுவாரு. அதுக்குத்தான்."

"அவருகிட்ட நான் சொல்றேண்ணா. தப்பு என்னோடது."

"நீ சொன்னா எடை, காஸ்டிக், கன்ட்ரோல்னு ஆரம்பிச்சு மத்தியானம் ஆக்கிடுவ. அதுக்குள்ள அவரு ஸ்பானர் போட்டே திறந்துடுவாரு. நான் சொல்றேன்." சற்று நின்றான். "அவரு என்ன சொன்னாலும் நீ குறுக்க பேசாத. அந்தக் கம்பை மட்டும் எடுத்துட்டு வந்து நில்லு."

மூவரும் பஸ் ஏறினார்கள். அண்ணி சக்கரத்தைத் தன் துப்பட்டாவால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரர் அது என்ன என்று கேட்டார். "தையல் மிஷின் சக்கரம்," என்றாள் அண்ணி, கண் இமைக்காமல். வேறொரு நாளாக இருந்தால் டைரி சிரித்திருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எழுத உட்கார்ந்தாள். என்ன தவறு என்று ஒரு வரி எழுதினாள். 'சின்ன' என்ற சொல் கைக்கு வந்தது, அதை எழுதவில்லை. நாளை மாலை எல்லோருக்கும் வேலை இருக்குமா என்று எழுத ஆரம்பித்து, தெரியாததை எழுதி என்ன பயன் என்று விட்டுவிட்டாள். உள்ளே அண்ணன் சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். குடிக்கவில்லை, கொட்டவும் இல்லை.

மார்ச் 12, வியாழன். நாளை: காலை ஷிஃப்டுக்கு முன் தொட்டிக் கரைக்குப் போக வேண்டும். கம்பை எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் குடுவை இரண்டு. முதலாளி வந்ததும் மேல்தண்ணீர் ஒன்றில், அடியைக் கலக்கிய தண்ணீர் இன்னொன்றில் மொண்டு அவர் கையில் கொடுக்க வேண்டும்.